மெத்தில் வயலட் தாள்: பழைய புரொப்பலன்ட் கிடங்குக்கு இது மட்டும் போதாது

துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளை உந்தித் தள்ளும் மருந்துதான் புரொப்பலன்ட். பழைய ராணுவப் புரொப்பலன்டைச் சோதிக்க எளிதாகக் கைக்கு வருவது, அது விடும் வாயு பட்டால் நிறம் மாறும் மெத்தில் வயலட் தாள்தான். செலவு குறைவு, ஒரு மணி நேரத்துக்குள் விடை தெரிந்துவிடும். முழுக்கக் கெட்டுப்போன சரக்கைக் காட்டிக்கொடுப்பதில் இதை நம்பலாம். இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கலாம் என்று கேட்டால் இதனிடம் பதில் கிடையாது. கிடங்கு நடத்துபவருக்குத் தேவைப்படுவதோ அந்தப் பதில்தான்.

புரொப்பலன்டின் முக்கியப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் சும்மா இருந்தாலும் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விடும். அந்த வாயு மேலும் சிதைவைத் தூண்டும். அதைப் பிடித்து வைக்கத்தான் டைஃபினைல் அமீன் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் எம்6 வகைப் புரொப்பலன்டில் இது சுமார் 1 சதவீதம். அது தீர்ந்தால் சிதைவு வேகமெடுக்கும். பெரிய பீப்பாயின் நடுவில் சேரும் சூடு வெளியேற வழியில்லாமல், பொறி எதுவும் படாமலே தீப்பற்றும். 1911இல் டூலோன் துறைமுகத்தில் லிபெர்த்தே போர்க்கப்பல் வெடித்ததற்குக் கெட்டுப்போன புரொப்பலன்டே காரணம் எனக் கருதப்படுகிறது.

சோதனை முறை சுலபம். 2.5 கிராம் மாதிரியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, தாளின் கீழ் விளிம்பு மருந்துக்கு 25 மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி தொங்கவிட வேண்டும். பிறகு குழாயைச் சூடாக்க வேண்டும்: மருந்து நைட்ரோகிளிசரின் கலந்ததென்றால் 120 டிகிரி செல்சியஸ், கலக்காததென்றால் 134.5. ஊதா நிறம் முழுதாக வெளிர்சிவப்புக்கு மாற எத்தனை நிமிடம் என்பதே கணக்கு. பல வகைகளுக்கு 40 நிமிடத்துக்குள் மாறக் கூடாது. சூட்டுத்தொட்டி இரண்டு டிகிரி பிசகினாலும் நேரம் மாறிவிடும். வெளிச்சமோ அமில ஆவியோ பட்ட தாளை நம்பவே வேண்டாம்.

நமக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. நிலைப்படுத்தியில் பாதி கரைந்துவிட்ட மருந்தும் இதில் தேறிவிடும். மிச்சத்தை அளக்க, வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி என்ற ஆய்வகப் பரிசோதனை வேண்டும். அமெரிக்க ராணுவ வழக்கப்படி, பயனுள்ள நிலைப்படுத்தி 0.20 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த லாட்டை (ஒன்றாகத் தயாரித்த தொகுதியை) அழித்தாக வேண்டும். சேமிப்பு ஆயுளைக் கணிக்க நேட்டோவின் வெப்பப்பாய்வு அளவீடு, அதாவது மாதிரி விடும் சூட்டை அளக்கும் முறை, இருக்கிறது: 80 டிகிரியில் 10.6 நாள் வைத்து, 25 டிகிரியில் 10 வருஷத்துக்கு ஈடாகக் கொள்வார்கள்.

எந்தச் சோதனையானாலும் மாதிரி சரியில்லையென்றால் வீண். கதவோரம் கைக்கு எட்டும் பெட்டியில் மட்டும் எடுக்காதீர்கள். கூரைக்குக் கீழே அடுக்கின் உச்சியிலும், வெயில் படும் சுவரோரத்திலும், மூடி கசிந்த பெட்டியிலும் எடுங்கள். ஒரே லாட்டாக இருந்தாலும் வெவ்வேறு சூட்டில் கிடந்தவை வெவ்வேறு வேகத்தில் மூப்படையும்.

பெட்டி வெதுவெதுப்பாக இருந்தாலோ, மூக்கை அரிக்கும் அமில நெடி வந்தாலோ, பழுப்புப் புகை தெரிந்தாலோ சோதனைக்கு நேரமில்லை. திறக்காமல், நகர்த்தாமல் ஆட்களை வெளியேற்றி வெடிபொருள் வல்லுநர்களை அழையுங்கள். பற்றிக்கொண்டால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் உதவாது. எரியத் தேவையான ஆக்சிஜன் மருந்துக்குள்ளேயே இருக்கிறது.