காலையில் மட்டும் கேட்ட டிக் டிக்: 1998 மாருதி 800-உடன் 14 ஆண்டுகள்

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, நான்கு கியர். அப்பா புதிதாக வாங்கியது, 2011-ல் என் கைக்கு வந்தது. ஓடோமீட்டர் 1,46,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 15 ஆண்டு முடிந்த பிறகு 2013, 2018, 2023 என்று மூன்று முறை ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்தாயிற்று. வீடு பாளையங்கோட்டையில். வாரத்தில் நான்கு நாள் திருநெல்வேலி டவுனுக்குப் போய் வருவேன், மாதம் ஒரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தென்காசி. ஊருக்குள் லிட்டருக்கு 14, நெடுஞ்சாலையில் 18 தருகிறது. இத்தனை வருடத்தில் கிளட்ச் ஒரு தடவை, ரேடியேட்டர் ஒரு தடவை மாற்றினேன். டைமிங் பெல்ட்டைக் கெடு தவறாமல் மாற்றிவிடுவேன்.

796 சிசி, மூன்று சிலிண்டர். பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கிறது. 2014 ஜனவரியோடு இந்த வண்டியின் உற்பத்தி நின்றுபோனாலும், உதிரி பாகத்துக்காக நான் திருநெல்வேலியை விட்டு வெளியே போனதில்லை. இன்னும் இதை வைத்திருப்பதற்கு அப்பாவின் ஞாபகம் ஒரு காரணம். என்ன கோளாறு என்று நாமே தேடிப் பார்க்க விடுகிற வண்டி என்பது இன்னொரு காரணம். அப்படித் தேடிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி சத்தம் கேட்டு இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்தவர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவருக்காவது உதவினால் போதும்.

2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் தெரு மேடு, வண்டி டயர் அளவுகூட நனையவில்லை. ஆனால் அடுத்த வாரம் காலையில் ஸ்டார்ட் செய்தபோது புதிதாக ஒரு சத்தம். டிக் டிக் டிக் என்று, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் வேகமானது. கிளம்பி ஏழெட்டு நிமிடத்தில் காணாமல் போனது. மறுநாள் காலையில் திரும்பவும் அதே டிக் டிக். காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் வண்டி, சத்தம் இரண்டு பக்கமும் மோதி இன்னும் பெரிதாகக் கேட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வெள்ளத் தண்ணி உள்ள போயிருக்கும்."

முதல் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பிஸ்டன் அடிக்குது சார், போர் பண்ணணும்" என்றார்கள். இன்ஜினைப் பிரித்து சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலை அது, 35,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இரண்டாவது இடத்தில் டேப்பட், அதாவது வால்வைத் திறக்கும் பாகத்தில் இடைவெளி கூடியிருக்கிறது என்றார்கள். சரி, அது சின்ன வேலைதானே என்று அட்ஜஸ்ட் செய்யச் சொன்னேன். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டு ஒழுங்காகத்தான் செய்தார்கள். மறுநாள் காலையிலும் அதே டிக் டிக். மூன்றாவதாக ஒருவர் கெட்டி ஆயில் ஊற்றினால் அடங்கும் என்றார். அதை மட்டும் நான் செய்யவில்லை. ஆயிலை மாற்றிச் சத்தத்தை அமுக்கினால் காரணம் எங்கே போகும்?

பொங்கல் விடுமுறையில் நானே உட்கார்ந்தேன். கூட, எங்கள் தெருவிலேயே இருக்கிற, லாரி ஒர்க்‌ஷாப்பில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு அண்ணாச்சி. அவர் வந்ததும் பானட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, மொதல்ல எண்ணிப் பாக்கணும்" என்றார்.

எண்ணுவதில்தான் விஷயமே இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று சுற்றும். ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, நிமிடத்துக்கு 850 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 14. கிராங்கோடு சேர்ந்த கோளாறு பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு அடி, நொடிக்கு 14 தடவை. ஒரே ஒரு வால்வோ, ஒரு சிலிண்டர் வெடிப்பதோ காரணமென்றால் அதில் பாதி, நொடிக்கு 7. காது இதைப் பிரித்து எண்ணாது. அதனால் ஃபோனில் பதிவு செய்து, கால் வேகத்தில் ஓடவிட்டேன். பத்து நொடி கேட்டால் உண்மையில் இரண்டரை நொடி. எண்ணினேன், 18 வந்தது. நொடிக்கு ஏழு. கிராங்க் பேரிங் மேல் இருந்த பயம் அங்கேயே பாதி போய்விட்டது. தவிர, பேரிங் தேய்ந்திருந்தால் இன்ஜின் சூடாகி ஆயில் இளகிய பிறகுதான் சத்தம் கூடும். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர்.

அடுத்து, இன்ஜினோடு பெல்ட்டில் ஓடுபவை. ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்சாரம் தருவது) பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டோம். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதற்கு மேல் விடக்கூடாது. சத்தம் அப்படியே இருந்தது. ஆக, காரணம் இன்ஜினிலேயே இருக்கிறது.

பிறகு பிளக் ஒயர். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஷாக் அடிக்காமல் ஒயர் முனையை பாடியில் எர்த் செய்து, ஐந்து நொடி வைத்துத் திரும்ப மாட்டினோம். ஒன்றைக் கழற்றியபோது இன்ஜின் குலுங்கியது, டிக் டிக் நிற்கவில்லை. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதைக் கழற்றியதும் டிக் டிக் நின்றது. மாட்டியதும் வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

டேப்பட்டாக இருந்தால் நின்றிருக்காது. பிளக் எரியாவிட்டாலும் வால்வு திறந்து மூடிக்கொண்டுதானே இருக்கும்? ஆக, மூன்றாவது சிலிண்டர் வெடிக்கும்போது மட்டும் வருகிற சத்தம். மீதி இருந்தது இரண்டு: ஒன்று பிஸ்டன், இன்னொன்று எக்ஸாஸ்ட் கசிவு. இரண்டுமே குளிர்ந்த இன்ஜினில் கூடுதலாகக் கேட்கும், உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளி அடைபட்டதும் குறையும். முதல் ஒர்க்‌ஷாப்காரர்கள் சொன்னது முட்டாள்தனம் இல்லை. கேட்ட மாத்திரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் விஷயம். ஆனால் 35,000 ரூபாய் வேலையைச் சொல்வதற்கு முன்னால் இன்னும் கால் மணி நேரம் செலவழித்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

அண்ணாச்சி ஒரு மீட்டர் ரப்பர் டியூப் எடுத்து வந்தார். ஒரு முனை என் காதில், மறுமுனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) சேருகிற ஓரமாக, ஓடுகிற எதிலும் படாமல் மெல்ல நகர்த்தினார். ஒன்று, இரண்டு... மூன்றாவது போர்ட் (புகை வெளியேறும் துவாரம்) கிட்டே வந்ததும் காதுக்குள் யாரோ சொடக்குப் போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் என் மகனை விட்டு, மடித்த ஈரச் சாக்கால் சைலன்ஸர் முனையை மூன்று நொடி பொத்தச் சொன்னோம். முன்னால் டிக் டிக், புஸ் புஸ் ஆகப் பெருத்தது. இன்ஜின் ஆறியதும் ஹீட் ஷீல்டு தகட்டைக் கழற்றினோம். மூன்றாவது போர்ட்டைச் சுற்றி ஹெட்டில் கரி அப்பியிருந்தது, விளக்கு மாடத்துச் சுவரில் படிந்திருக்குமே, அதே கறுப்பு. விரல் வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது. ஓரத்து ஸ்டட் (மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் திருகு) இருக்க வேண்டிய இடத்தில் நட்டும் இல்லை, தலையும் இல்லை. உள்ளேயே முறிந்திருந்தது.

வெள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முறிந்த துண்டை எடுத்த பிறகு அதன் முகத்தைப் பார்த்தேன். முக்கால்வாசி துருவேறிக் கறுத்திருந்தது, ஒரு பிறை அளவு மட்டும் பளபளப்பு. விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது, மிச்சம் இருந்த கொஞ்சம்தான் டிசம்பரில் முறிந்திருக்கிறது. 2021-ல் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றியபோது ஒருவர் ஸ்பானரில் பைப் சொருகி மேனிஃபோல்டு நட்டுகளை இழுத்து முறுக்கியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அதுதான் தொடக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் அலுமினிய ஹெட்டும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை, அந்த இழுவை அதிகம் விழுவது ஓரத்து ஸ்டட்டில்தான்.

ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவிட்டு, மறுநாள் வெல்டர் முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டைப் பற்றவைத்து, சூடு இருக்கும்போதே திருப்பி எடுத்தார். மேனிஃபோல்டு முகம் லேசாக வளைந்திருந்ததால் லேத்தில் சீவினோம். புது ஸ்டட், நட்டு, கேஸ்கெட், வெல்டர் கூலி, லேத் கூலி எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்கினோம். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆறிய இன்ஜினில் ஒரு தடவை சரிபார்த்தேன்.

ஒன்றை மட்டும் நான் தவறவிட்டேன், அது இன்னும் மனதை அறுக்கிறது. அந்த ஒரு மாதத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மா இரண்டு தடவை தலை வலிக்கிறது என்றார். ஒரு தடவை ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் இன்ஜினை அணைக்காமல் நின்றபோது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். இன்ஜின் பக்கம் கசிகிற புகை முன்னால் இருக்கும் காற்று வழியாக உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அம்மாவின் தலைவலிக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வேலை முடிந்த பிறகு ஒருநாளும் அவர் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் வண்டியில் இந்த டிக் டிக் கேட்டால் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விடாதீர்கள். சரிசெய்யும் வரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், நிற்கும்போது இன்ஜினை அணையுங்கள்.

2024 ஜனவரியிலிருந்து இன்றைக்கு 9,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. மார்கழிக் காலையிலும் முதல் ஸ்டார்ட் சுத்தமாக இருக்கிறது. மைலேஜ் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆயில் 5,000-க்கு ஒருமுறை மாற்றுகிறேன், டேப்பட் சத்தம் மெலிதாக எப்போதும் உண்டு, அது இந்த இன்ஜினின் இயல்பு.

போன வாரத்திலிருந்து ஏ.சி. போடாமலே உர்ர் என்று ஒரு முனகல், ஹெட்லைட் போட்டால் கொஞ்சம் கூடுகிறது. ஆல்டர்னேட்டர் பேரிங் என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வருகிறேன் என்றிருக்கிறார். பெல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.