மூன்றாம் மாடி ஃபுட் கோர்ட்: மரச்சீனிக் கடைக்காகப் போகலாம்

நாகர்கோவிலில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளக்ஸின் மூன்றாம் மாடியில் ஃபுட் கோர்ட் ஒன்று இருக்கிறது. குறை நிறைய சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா, அண்ணன், மைனி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான் என்று ஆறு பேர் போனோம். ஒரு ஹோட்டலுக்குப் போனால் சின்னவனுக்கு மோமோ கிடைக்காது, அம்மாவுக்கு மோமோ கடையில் உட்காரவே பிடிக்காது, அதனால் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க இதுதான் வழி என்று மைனி கண்டுபிடித்த யோசனை. யோசனை சரிதான்.

உள்ளே நுழைந்ததும் கார்டு. எந்தக் கடையிலும் ரொக்கமும் வாங்க மாட்டார்கள், ஜிபேயும் கிடையாது, வாசல் கவுண்டரில் 50 ரூபாய் டெபாசிட் கட்டி கார்டு வாங்கி அதில் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். 1,500 ஏற்றினோம். எவ்வளவு செலவாகும் என்று தெரியாமலே முன்கூட்டிப் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் மெனு பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

கடை ஒன்பது. அதில் நான்கு கடையின் குழம்பும் சட்னியும் ஒரே வாளியிலிருந்து வந்தவை என்று நான் சத்தியம் செய்வேன். மோமோவுக்குக் கொடுத்த சிவப்புச் சட்னிதான் ஃப்ரைடு ரைஸுக்குப் பக்கத்திலும் வந்தது, பனீர் டிக்காவின் மேலும் அதுவேதான் கிடந்தது. போர்டு வேறு, யூனிஃபார்ம் வேறு, பின்னால் அடுக்களை ஒன்று. ஷவர்மாக்காரரைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல வேண்டும். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் அரசு ஓராண்டுத் தடை போட்டதிலிருந்து எனக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டதால் எங்கே போனாலும் கேட்பேன், இவர் முகம் சுளிக்காமல் முட்டை சேர்க்காத மயோனைஸ் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். ஷவர்மா 120 ரூபாய், பரவாயில்லை ரகம்.

அடுத்து மீன். ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மசாலா தடவிய நெய்மீன் துண்டு, ‘இன்று பிடித்தது’ என்று எழுதி 350 ரூபாய். அண்ணன் வாங்கிவிட்டான். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை, குளச்சல், முட்டம் பக்கம் அந்த 61 நாளும் வள்ளமும் கட்டுமரமும்தான் போகும். கிழக்கே சின்னமுட்டம், தூத்துக்குடிப் பக்கம் ஜூன் 14-லேயே தடை முடிந்துவிடும் என்பதால் அங்கிருந்து ஐஸில் வந்திருக்கலாம், அது தப்பில்லை, ஆனால் ‘இன்று பிடித்தது’ என்று எழுதியதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. வாயில் வைத்ததும் பஞ்சு மாதிரி பிரிந்தது. ஐஸில் பல நாள் கிடந்த மீன் எப்படி இருக்கும் என்று நம்மூர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

கடைசி மூலையில், டாய்லெட் போகிற வழியில், ஒரு அக்கா நடத்தும் சின்னக் கடை. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கைத்தான் நாங்கள் இப்படிச் சொல்வோம்), மீன்கறி, ரசவடை, கட்டன் சாயா, இவ்வளவுதான். நெய்மீன் உண்டா என்று வேண்டுமென்றே கேட்டேன். “இப்ப நெய்மீனு எங்க கெடக்கு மக்களே? சாளதான் உண்டு, கொஞ்சம் நெத்தோலி இருக்கு” என்றார். அந்தப் பதிலுக்கே நான் அங்கே சாப்பிட்டிருப்பேன். மொத்த ஹாலிலும் வரிசை நின்றது அங்கே மட்டும்தான். ஒரு தட்டு 80 ரூபாய்: வேகவைத்து உடைத்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துப் போட்டுக் கிளறிய மரச்சீனி, அதன் மேல் தேங்காய் அரைத்த சாளைக் கறி, நல்ல புளிப்பு, எரிவு கொஞ்சம் கூடுதல். கிழங்கில் நார் இல்லை, மாவாகவும் குழையவில்லை. இரண்டு தட்டு வாங்கி நாலு பேர் பிடுங்கிச் சாப்பிட்டோம்.

அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். விசாகம் திருநாள் மகாராஜா (1880–85) பஞ்சத்துக்கு மாற்றாக இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பினார் என்பார்கள், அப்புறம் இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இங்கே நிறைய வீடுகளில் உலை ஏறியதே இதை நம்பித்தான். “அரிசி இல்லாத நாள்ல எங்கம்மா அவிச்சுத் தந்தது, இப்ப ஏசியில வரிசையில நின்னு வாங்குதிய” என்றார். சொல்லிவிட்டு என் தட்டிலிருந்தே கறியை வழித்தார்.

ஜூஸ் கடை மேல் எனக்குக் கோபம். கிவி இருக்கிறது, அவகாடோ இருக்கிறது, ப்ளூபெர்ரி என்று ஏதோ ஊதா சிரப் இருக்கிறது, மட்டிப்பழம் இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்துப் பழம், வடசேரிச் சந்தையில் குலை குலையாகத் தொங்குவது, மூன்று மாடி ஏறி வர முடியவில்லை போலிருக்கிறது.

எல்லாரும் சேர்ந்து சாப்பிடத்தான் போனோம், ஆனால் அது நடக்கவில்லை. டிவி திரையில் டோக்கன் நம்பர் வர வரப் போய் எடுக்க வேண்டும். ஃப்ரைடு ரைஸ் ஐந்து நிமிஷத்தில், பரோட்டா இருபத்தைந்து நிமிஷத்தில். பிள்ளைகள் தின்று முடித்து ஓடியாடும்போதுதான் அண்ணனுக்குப் பரோட்டா வந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தெருக்கடைகளில் கையில் வாங்கி நடந்துகொண்டே தின்போமே, அதில்கூட நாங்கள் இதைவிட அதிக நேரம் ஒன்றாக இருந்திருக்கிறோம். மேசை துடைக்கிற பையன் ஒருவன்தான், ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதாது. கழிப்பறை சுத்தம். லிஃப்ட் இருப்பதால் வயதானவர்களைக் கூட்டிப் போகலாம்.

ஒன்பதரைக்குக் கிளம்பும்போது கார்டுக் கவுண்டர் மூடியிருந்தது. டெபாசிட் 50-ம் உள்ளே 70 ரூபாயும் கிடக்கிறது. மரச்சீனி 80 ரூபாய், பத்து ரூபாய் மட்டும் ஏற்ற முடியுமா என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன். குறைந்தது நூறு ஏற்ற வேண்டுமாம்.