நாஃபியான் 117, 212: மெத்தனால் கலத்துக்கு எது வாங்கலாம்?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் ஒரு மெத்தனால் எரிபொருள் கலம் செய்தார்கள்: ஒரு பக்கம் மெத்தனால் கரைசல், மறுபக்கம் காற்று, அவை வினைபுரிந்து மின்சாரம் வரும். நடுவே இரண்டையும் பிரித்து, புரோட்டானைக் கடத்தும் பிளாஸ்டிக் சவ்வுதான் நாஃபியான். அதன் 117, 212 என்ற இரண்டு வகைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். என் ஓட்டு தடித்த 117-க்குத்தான்.

பெயரின் கடைசி இலக்கமே தடிமன். அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 117 சுமார் 180 மைக்ரோமீட்டர், 212 சுமார் 50. கடை அனுப்பிய உறையில் எது எதுவென்று எழுதவே இல்லை. இயற்பியல் துறையில் திருகு அளவி இரவல் வாங்கித்தான் பிரித்தோம். இந்த விலைக்கு ஒரு சீட்டு ஒட்டக் கூடாதா?

மெல்லிய சவ்வில் புரோட்டானுக்குத் தூரம் குறைவு, தடையும் குறைவு. அதனால் அதுவே உசத்தி என்பார்கள். ஆனால் மெத்தனால் தண்ணீரோடு சேர்ந்து சவ்வுக்குள் ஊறிக் காற்றுப் பக்கம் போய்விடுகிறது. எரிபொருள் வீணாவது மட்டுமில்லை. அங்குள்ள பிளாட்டினத்தின் மேல் எரிந்து அந்தப் பக்கத்து மின்னழுத்தத்தையும் இறக்கிவிடுகிறது. கொள்கைப்படி 1.2 வோல்ட் தரவேண்டிய கலம், சுமை இல்லாதபோதே பாதியைச் சற்றுத் தாண்டி நின்றுவிட இந்தக் கசிவு முக்கியக் காரணம். 212-ஐப் போட்டதும் மின்னழுத்தம் இன்னும் இறங்கியது. கரைசலை 2 மோலாருக்கு ஏற்றியபோது படு மோசம்.

நீர்த்த கரைசலில் அதிக மின்னோட்டம் எடுத்தால் மெல்லியது முந்தும், மறுக்கவில்லை. மெத்தனால் தன் பக்கத்திலேயே செலவாவதால் கடந்துபோவது குறைகிறது. தடை குறைந்த லாபம் அப்போதுதான் கைக்கு வரும். நாங்கள் சுழற்றுவது பொம்மைக் காற்றாடி, பணகுடிக் காற்றாலை அல்ல.

கையாளவும் 117 தோது. 212 நனைந்து விரிந்து, அழுத்தும்போது சுருக்கம் விழுகிறது. எதுவானாலும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடிலும் அரை மோலார் கந்தக அமிலத்திலும் 80 டிகிரி செல்சியஸில் தலா ஒரு மணி நேரம் வைத்து, இடையிலும் முடிவிலும் அயனி நீக்கிய நீரில் அலச வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான். அதிலுள்ள கால்சியம் சவ்வின் அமில இடங்களில் உட்கார்ந்துகொண்டால் புரோட்டானுக்கு வழியில்லை.

மிச்சமிருக்கும் 212-ஐ ஹைட்ரஜன் கலத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன். அங்கே மெத்தனால் தொல்லை இல்லை.