செயின் நழுவும் மவுண்டன் பைக்: இன்று கேட்டால் வேண்டாம் என்பேன்

நான் ஓட்டும் அதே மாடலின் விலை இறங்கியிருக்கிறது, பழைய வண்டிகளும் நிறைய விற்பனைக்கு வருகின்றன, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேட்ட நேரம் சரியில்லை. பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்கியிருக்கும் கேசட்டை முழுசாக மாற்றிவிட்டு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதற்காக வண்டி மேல் அநியாயமாகப் பழி போடக்கூடாது, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில்தான் என்றாலும் கல்லும் வேருமாகக் கிடக்கும் இறக்கத்தில் முன்சக்கரம் தடுமாறுவதே இல்லை. பிரேக்கைப் பிடிக்க ஒரு விரல் போதும். ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் இன்றுவரை மக்கர் செய்யவில்லை, ஃப்ரேமிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. கியர் மாற்றும் டீரெய்லரை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் சின்னத் துண்டான ஹேங்கர்கூட ஸ்ராம் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த யூனிவர்சல் வகை, அதனால் வளைந்தால் இந்த மாடலுக்கான ஹேங்கர் எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டியதில்லை. ஓட்டும் சுகத்தை மட்டும் வைத்து மார்க் போடச் சொன்னால் தாராளமாகப் போடுவேன்.

ஆனால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் நழுவுகிறதே, அந்த ஒன்றுதான் என்னை வாட்டி எடுத்துவிட்டது. முழு உடம்பு எடையும் பெடல் மேல் இருக்கும் நேரத்தில் 'டக்'கென்று பிடி விட்டுப் போகும், கால் சட்டென்று கீழே இறங்கும், முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். சில தடவை இப்படி ஆன பிறகு எழுந்து நிற்கவே பயம் வந்துவிடுகிறது. ஏற்றத்துக்கென்றே செய்த வண்டியில் ஏற்றத்தைப் பார்த்து பயப்படுவது எவ்வளவு கொடுமை!

சர்வீஸ் கடையில் ஒவ்வொரு முறையும் ஒரே வைத்தியம்தான். வண்டியை ஸ்டாண்டில் மாட்டுவார்கள், கியர் கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் பாரல் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் திருகுவார்கள், கையால் பெடலைச் சுற்றிக் காட்டி 'சரியாயிடுச்சு' என்பார்கள். ஸ்டாண்டில் வைத்துக் கையால் சுற்றும்போது பாரமே இல்லையே, தேய்மானத்தால் நழுவும் செயின் அங்கே எப்படி நழுவும்? எந்த கியரில் நழுவுகிறது, எப்போது நழுவுகிறது, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை நழுவுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் முழுவதும் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

கியர் தானாகப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தாவினால் அது கேபிள் பிரச்சினை, அல்லது ஹேங்கர் வளைந்திருக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே இருக்கும் பல்லுக்கு நேர்கீழே வரிசையாக நிற்க வேண்டும், சாய்ந்திருந்தால் அட்ஜஸ்டரை எவ்வளவு திருகியும் பயனில்லை. கியர் மாறாமல், ஒரே தாளத்தில் நழுவினால் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கலாம். என் வண்டியில் முன்பக்கப் பல்சக்கரத்தில் 32 பல், செயினில் 118 கண்ணி, ஆக செயின் ஒரு முழுச் சுற்று வர பெடல் ஏறக்குறைய மூன்றே முக்கால் சுற்று சுற்ற வேண்டும். அந்த இடைவெளியில் வந்தால் பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, கீழ்க் குட்டிச் சக்கரத்தைத் தாண்டும்போது எந்தக் கண்ணி மடங்காமல் விறைத்து நிற்கிறது என்று பாருங்கள், கண்ணுக்கே தெரியும். எல்லா கியரிலும் ஒரே மாதிரி பிடி விட்டு, செயின் மட்டும் பல்லிலிருந்து அசையவே இல்லை என்றால் கேசட்டைத் தாங்கி, மிதிக்கும்போது மட்டும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் ஃப்ரீஹப் மேல் சந்தேகப்படலாம். பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்திப் பாருங்கள். சக்கரம் நிற்க கேசட் மட்டும் சுழன்றால் உள்ளே இருக்கும் பற்கள் பிடிக்கவில்லை, அதை வைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது.

எனக்கு இதில் எதுவுமே இல்லை. நடுவில் நான் அதிகம் பயன்படுத்தும் இரண்டு பல்சக்கரங்களில் மட்டும், அழுத்தி மிதித்தால் மட்டும் நழுவியது. இது தேய்மானம். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வோமே, உண்மையில் இரும்பு நீள்வதில்லை, கண்ணிகளைக் கோர்க்கும் ஊசியும் அது உரசும் இடமும் தேய்ந்து கண்ணிக்குக் கண்ணி கொஞ்சம் இடைவெளி கூடுகிறது. புது செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். 12 கியர் வண்டிக்குப் பொதுவாக 0.5 சதவீதத்தில் மாற்றிவிடச் சொல்வார்கள், அது 306.3 மி.மீ. வெறும் ஒன்றரை மில்லிமீட்டர்! அளக்க அதற்கென்று விற்கும் கேஜ்கூட அவசியமில்லை, நல்ல இரும்பு ஸ்கேல் போதும்.

இத்தனை முறை வண்டியைக் கையில் வாங்கிய கடை ஒருமுறைகூட அதை வைத்துப் பார்க்கவில்லை, அதுதான் ஆறவில்லை. அப்புறம் ஒருநாள் அவர்களே செயினை மட்டும் மாற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே முன்பைவிட மோசம். நீண்டுபோன பழைய செயினோடு சேர்ந்தே தேய்ந்த பல் அது, இடைவெளி சரியாக இருக்கும் புது செயின் அதன் அடியில் போய் உட்காராது, பாரம் ஏறியதும் பல்லின் சரிவில் ஏறித் தாண்டிவிடும். பழைய செயினாவது ஓரளவு ஒத்துப்போனது.

சரி, தேய்ந்தது இரண்டு பல்சக்கரம்தானே, அதை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தால் முடியாது. இந்த மாடலில் வரும் கேசட்டில் சின்ன மூன்று மட்டும்தான் தனித்தனி, மற்ற ஒன்பதையும் ரிவெட் அடித்து ஒரே கட்டாகச் சேர்த்துவிட்டார்கள். புதுசு போலப் பளபளக்கும் ஏழு பல்சக்கரங்களைத் தூக்கிப் போட்டேன். எடை குறையும், கட்டு உறுதியாக இருக்கும் என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் எல்லோரும் அதிகமாகத் தேய்க்கப்போவது நடுப் பற்களைத்தான் என்று செய்தவர்களுக்குத் தெரியாதா? கழற்ற முடியாத கட்டில் அதையே கொண்டுபோய் வைப்பது ஓட்டுகிறவரை மதிக்காத வேலை.

புது கேசட்டும் புது செயினும் போட்டபின் வண்டி மறுபடி முதல்நாள் மாதிரி ஏறுகிறது, நின்று மிதித்தாலும் ஒரு நழுவல் இல்லை. நான் இதை விற்கப்போவதில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில் இன்றைக்கு 'வேண்டாம்' என்பதுதான், அடுத்த மாதம் கேட்டால் மாறலாம். அதையும் மீறிப் பழைய வண்டி ஒன்றைப் பார்க்கப் போனால் செயின் மட்டும் புதுசாக மின்னுகிறதா என்று முதலில் கவனியுங்கள். மின்னினால், ஓட்டிப் பார்க்காமல் பேச்சை முடிக்காதீர்கள். ஒரு ஏற்றத்தில் நடு கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முதலில் உட்கார்ந்தபடியே அழுத்தி மிதியுங்கள். ஒரு கியரில் நழுவினாலும் முழு கேசட்டின் விலையைக் கழித்துக் கேளுங்கள், விற்பவர் 'லேசா ட்யூன் பண்ணினா போதும்' என்று எவ்வளவு சொன்னாலும் சரி.