லெபர்டா, கிரெஸ்டெட்டா? சுங்கை சிப்புட்டில் போட்ட கணக்கு

"சுவத்துல ஓடுற பல்லி பத்தாதுன்னு காசு குடுத்து வேற வாங்கிட்டு வந்தியா?" என்று பாட்டி கேட்டபோது என்னிடம் லெபர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி இரண்டு இருந்தன. இப்போது ஒன்பது. சுவர்ப்பல்லி போல ஒட்டும் கால் இவற்றுக்கு இல்லை, வழுக்கும் பிளாஸ்டிக் தொட்டியே போதும். கண்ணிமை உண்டு. அது ஒருமுறை சிமிட்டிப் பார்த்த பிறகுதான் பாட்டி கொஞ்சம் இறங்கி வந்தார்.

நிறத்துக்காகக் குஞ்சு எடுக்க நினைத்தபோது லெபர்டா, கிரெஸ்டெட் கெக்கோ என்ற இன்னொரு வளர்ப்புப் பல்லியா என்று நானும் தடுமாறினேன். வெயில் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிரெஸ்டெட் நியூ கலிடோனியாக் காட்டுப் பிராணி, 28 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் போனால் தாங்காது. எங்கள் மலேசிய வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் ஏர்கோன் இல்லாமல் நடக்காது. லெபர்ட் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துக்காரன், தொட்டியின் ஒரு மூலையில் 31, 32 இருந்தால் சந்தோஷம். சாப்பாட்டில் மட்டும் கிரெஸ்டெட்டுக்கே என் ஓட்டு: பழமாவைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் முடிந்தது. லெபர்டுக்கு உயிருள்ள சிள்வண்டு வேண்டும். தப்பித்த ஒன்று அலமாரிக்குப் பின்னால் மூன்று இரவு கத்தியது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. முட்டைக்குள் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தாளில் போட்டுப் பார்க்க முடிகிறதா? லெபர்டில் பல நிறங்கள் ஒற்றை மரபணு விவகாரம். கறுப்பு நிறமி இல்லாத அல்பினோ வேண்டும் என்றால் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்த மரபணு வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் குட்டி சாதாரணமாகத் தெரியும், உள்ளே சுமக்கும். அதைத்தான் 'ஹெட்' என்கிறோம். இரண்டு ஹெட்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று அல்பினோ. மீதியில் மூன்றுக்கு இரண்டு ஹெட், ஆனால் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் முதலில் மாட்டினேன். 'அல்பினோ ஜோடி' என்று ஒருவர் விற்றார். முதல் இரண்டு முட்டையும் பொரிந்தன. இரண்டும் கறுப்புப் பட்டையோடு அச்சு அசல் சாதாரணக் குட்டிகள். தாய் ஏற்கெனவே வேறு ஆணோடு சேர்ந்திருக்குமோ என்று நினைத்தேன். அடுத்த இரண்டு ஈட்டிலும் அதே கதை. பிறகுதான் விளங்கியது: அல்பினோவில் ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று மூன்று வகை, மூன்றும் வெவ்வேறு மரபணு. என் ஆண் ட்ரெம்பர், பெண் பெல். விற்றவரிடம் கேட்டால், "அல்பினோதானே, எல்லாம் ஒண்ணுதான்!" என்றார்.

அந்த ஆறு குட்டிகளையும் விற்க மனம் வரவில்லை. இரண்டு வகையையும் சுமப்பவை அவை. அவற்றின் பிள்ளைகளில் அல்பினோ வந்தாலும் எந்த வகை என்று அடித்துச் சொல்ல முடியாது, வாங்குகிறவர் தலையில் அந்தக் குழப்பம் விழும். தெருப் பிள்ளைகளுக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பா மூடியிலும் பரம்பரையை மார்க்கர் பேனாவில் எழுதுகிறேன். விலை நிற்பது அந்த எழுத்தில்தான்.

கிரெஸ்டெட்டில் ஹார்லெக்வின், டால்மேஷன் மாதிரியான நிற வகைகள் இப்படி ஒற்றைக் கணக்குக்குள் அடங்குவதில்லை. குஞ்சின் நிறமும் வளர வளர மாறும். லில்லி வைட் என்ற வெள்ளை கலந்த வகை ஒற்றை மரபணுதான், ஆனால் இரண்டு லில்லி வைட்டைச் சேர்க்கக் கூடாது, இரட்டையாக வாங்கிய கரு பிழைக்காது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். மச்சானின் கிரெஸ்டெட் ஜோடியை எட்டு மாதம் பார்த்துக்கொண்டேன், ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் என் பேச்சைப் பாதி நம்பினால் போதும்.

லெபர்டிலும் எல்லாம் நல்லதில்லை. எனிக்மா என்ற நிற வகை தலையைச் சாய்த்துக்கொண்டு சுற்றும், நரம்புக் கோளாறு. லெமன் ஃப்ராஸ்ட் என்ற இன்னொரு நிற வகைக்குத் தோலில் கட்டி வரும், அதற்கும் அந்த நிறத்துக்கும் காரணமாக ஒரே மரபணுவை 2021-இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டையும் வீட்டுக்குள் விடமாட்டேன்.

இப்போது அலமாரியில் இருக்கும் டப்பாவில் 'பெல் அல்பினோ, பெல் ஹெட், முட்டை 2' என்று எழுதியிருக்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. "ரெண்டும் மஞ்சளாத்தான் வரும்" என்று பாட்டி சொன்ன நேரம் சுவர்ப்பல்லி கத்தியது. "பாரு, சொல்லிடுச்சு" என்றார்.