பம்ப் எந்தப் பக்கம் பார்க்கிறது? பழைய உல்லாசப் படகுடன் இரண்டு வருடம்

தூத்துக்குடி நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். பழைய உல்லாசப் படகு ஒன்று அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. என்னுடையதைப் போலவே 31 அடி, ஃபைபர் உடம்பு, படுக்கக் கேபின், ஒற்றை டீசல் எஞ்சின். "நீ ரெண்டு வருஷமா ஓட்டுறியே, எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான் என் வலது மணிக்கட்டில் இருக்கும் தழும்பு கண்ணில் பட்டது. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமே என்று தோன்றியது.

வேகம், டீசல் செலவு எல்லாம் அவருக்கே தெரியும். நான் எழுத வந்தது கூலிங் தண்ணீர் பம்பைப் பற்றி.

படகு எஞ்சினுக்கு லாரி போல முன்னால் ரேடியேட்டர் இல்லை. அடியில் ஒரு வால்வு வழியாகக் கடல் தண்ணீர் ஏறி, வடிகட்டிக் கூடையைத் தாண்டி, பம்புக்குள் போய், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து பின்பக்கம் துப்பப்படும். இத்தனையையும் நடத்துவது பம்புக்குள் சுழலும் உள்ளங்கை அளவு ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். என்னுடையதில் ஆறு இறக்கை. அதற்கு உயவு எண்ணெயே தண்ணீர்தான். தண்ணீர் வராமல் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் கருகி, இறக்கை பிய்ந்துவிடும். பிய்வது அதன் இயல்பு, அதில் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் படகைக் கட்டியவர் பம்பின் மூடியைக் கேபின் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார். சுவருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. தலைகீழாகக் குப்புறப் படுத்து, இடது கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஆறு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். ஒன்றாவது கீழே விழும். விழுந்தது எண்ணெய்த் தண்ணீருக்குள் போய்விடும்.

படகை வாங்கி ஓட்டி வந்த முதல் நாளே ஆரம்பித்தது. தூத்துக்குடியிலிருந்து மண்டபத்துக்குச் சுமார் 70 கடல் மைல். விடியலில் கிளம்பி எட்டு நாட் (மணிக்கு எட்டு கடல் மைல்) வேகத்தில் வந்தோம். வாலிநோக்கம் வரை ராஜா மாதிரி வந்தது. கீழக்கரைக்கு நேரே வரும்போது எஞ்சின் சத்தம் கொஞ்சம் காய்ந்த மாதிரி மாறியது. எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த வள்ளத்திலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "தம்பி, பின்னால தண்ணி துப்பலையே, அமத்து, அமத்து!" அமர்த்திவிட்டு எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தால் 100ஐத் தொட்டிருந்தது. அந்தப் பெரியவர்தான் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்தார். டீசல் காசு கொடுத்தால் வாங்கவில்லை. பம்பைத் திறந்ததில் ஆறு இறக்கையில் நான்குதான் இருந்தது. புதிதை மாட்டினேன், தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. மண்டபத்துக்கு வந்த பிறகு இருபது, இருபத்தைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை அலாரம் அடித்தது. பழியைத் தூக்கிக் கடல்புல் மேல் போட்டேன். பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த தரை முழுக்கப் புல்வெளி. காற்று மாறும்போது பிய்ந்த இலைகள் பாய் விரித்த மாதிரி மிதந்து வரும். ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, அது சாப்பாடு, என் வடிகட்டிக்கு அடைப்பு. (வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 2022இல் ஆவுளியாவுக்கென்றே 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். அவ்வளவு புல்.) வடிகட்டியைக் கழுவுவதே ஒரு வேலையாகிப் போனது. ஒரு தடவை வால்வை மூடிக் கழுவிவிட்டு, திரும்பத் திறக்காமல் எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். மூன்று இறக்கை போனது. அது முழுக்க என் தப்பு.

எட்டு மாதம் இப்படியே போனது. அப்புறம் குந்துகால் பக்கம், பாம்பன் வாய்க்காலின் நீரோட்டம் படகின் முன்பக்கத்தை, அணியத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அலாரம் அடித்தது. எஞ்சினை நிறுத்தினால் பாலத்துப் பக்கம் இழுத்துப் போகும், நிறுத்தாவிட்டால் எஞ்சின் போகும். நங்கூரத்தைப் போட்டேன். அது தரையைப் பிடிப்பதற்குள் வேண்டாத தெய்வமில்லை.

அதற்குப் பிறகுதான் தங்கச்சிமடத்து மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். உடனே கிடைத்துவிடவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் எஞ்சின் வேலை பார்க்கும், என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரனை யாரும் சீண்ட மாட்டார்கள். ஜூன் கடைசியில் வந்தார். வந்தவர் பம்பைப் பார்க்கவே இல்லை.

"சார், உடைஞ்ச துண்டெல்லாம் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்ணே."

"அது மாட்டியிருந்த மிச்சம். பிஞ்சு போன இறக்கையைக் கேக்குறேன்."

நான் முழித்தேன். அவர் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களின் வாயில் ரப்பர் துண்டுகள் செருகிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிப் பலகையில் அடுக்கினார். பதினொன்று. கீழக்கரையில் இரண்டு, வால்வை மறந்த அன்று மூன்று, இந்த ஐந்துக்கு நான் பொறுப்பு. மீதி ஆறும் எனக்கு முந்திய காலத்தவை. உப்பு தாமிரத்தைத் தின்னாமல் இருக்கத் தன்னையே கொடுக்கும் துத்தநாகக் குச்சியும் அங்கே ஒன்று இருந்திருக்க வேண்டும். திருகு மட்டும்தான் மிச்சம்.

விற்றவரைத் திட்டலாம்தான். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. "அப்பப்ப கொஞ்சம் சூடாகும்" என்றுதான் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. புல்லையும் வீணாகத் திட்டியிருக்கிறேன்.

சுத்தம் செய்த பிறகு முள் 80ஐ விட்டு நகரவில்லை. இப்போது 400 மணி நேரம் தாண்டிவிட்டது. எஞ்சினைப் பற்றி நல்லதும் சொல்லியாக வேண்டும். உடம்பு லாரி எஞ்சின், உடுப்பு மட்டும்தான் கடலுக்கு. உட்பாகங்கள் மதுரையில் லாரிக் கடையிலேயே கிடைத்தன. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் பூட்டு கிடையாது. போன வாடைக் காலத்தில் பாட்டரி முழுக்கச் செத்து, விளக்குக்கூட எரியாத ராத்திரியில், கிளப்பிவிட்ட எஞ்சின் மின்சாரமே இல்லாமல் கரை வரைக்கும் ஓடியது. பின்பக்க விசிறியைச் சுழற்றும் சாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசிந்தபோது, விசைப்படகுக்குப் போடும் அதே கிராஃபைட் கயிற்றைச் சுற்றி இறுக்கினோம். சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒரேயடியாக இறுக்கினால் சாஃப்ட் சூடாகும் என்று அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டை எண்ணினார். புதுப் படகுக்கு இந்தக் கரையில் யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்?

பம்பு மட்டும் இன்னும் சுவரைத்தான் பார்க்கிறது. பொறுக்க முடியாமல் போன மாதம் கேபின் கட்டிலுக்கு அடியில் சுவரை ஒரு அடிச் சதுரத்துக்கு அறுத்துக் கதவு வைத்தேன். இரண்டரை மணி நேர வேலை இப்போது கால் மணி. சோப்புத் தண்ணீர் தடவி இம்பெல்லரைத் திருகி உள்ளே தள்ளும்போது சிரிப்பே வந்துவிட்டது. ஆனால் கதவைச் சுற்றி என்ன ரப்பர் ஒட்டினாலும் டீசல் வாடை கேபினுக்குள் வருகிறது. வீட்டம்மா அந்தக் கட்டிலில் இனிமேல் படுக்க மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் பயணம் என்று வாங்கிய படகில் இப்போது சாயங்காலம் வீடு திரும்புகிறோம்.

ஆக, நண்பருக்கு: வாங்காதே. வாங்கித்தான் தீருவேன் என்றால் விலை பேசும் முன் எஞ்சின் மூடியைத் திறந்து, பம்ப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார். ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல். மறுத்தால் கிளம்பி வந்துவிடு. கடலில் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி, பின்பக்கம் துப்பும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இரு.

நீ வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த ஆளின் நம்பரை எனக்கு அனுப்பு. ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.