கிரீஃப்ஷேர்: துக்கத்தில் இருப்பவர்களுக்கான 13 வாரக் கூடுகை எப்படி இருக்கிறது?

அடக்கம் முடிந்து ஒரு மாதம் போனால் வீடு வெறிச்சோடிவிடும். சாப்பாடு கொண்டுவந்தவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், போதகர் வருவதும் குறைந்திருக்கும். போனவர் இனி வரமாட்டார் என்பது மனதில் உறைக்கத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். அந்த மாதங்களில் போய் உட்கார ஓர் இடம் தருகிறது கிரீஃப்ஷேர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வேக் ஃபாரஸ்ட் நகரில் உள்ள சர்ச் இனிஷியேட்டிவ் என்ற கிறிஸ்தவ அமைப்பு பாடங்களைத் தயாரிக்கிறது. கூடுகையை நடத்துவது அந்தந்த ஊர்ச் சபைகள்.

கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. பயிற்சி ஏட்டுக்கு மட்டும் சுமார் 20 டாலர் வாங்குவார்கள். முடியாது என்று சொன்னால் பல சபைகள் தாங்களே ஏற்றுக்கொள்ளும். இணையதளத்தில் ஜிப் கோடு கொடுத்தால் அருகில் உள்ள குழுக்களின் நாளும் நேரமும் தெரியும். ஆன்லைன் குழுக்களும் உண்டு. அந்தச் சபையின் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

வாரம் ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முதலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வீடியோ. கிறிஸ்தவ ஆலோசகர்களும் போதகர்களும், துணையையோ பிள்ளையையோ இழந்தவர்களும் அதில் பேசுவார்கள். பிறகு குழு உரையாடல். வீட்டில் வாசிக்கவும் எழுதவும் ஏட்டில் பகுதிகள் இருக்கும். ஒவ்வொரு பாடமும் தனித்து நிற்பதால் நடுவில் சேரலாம். தவறவிட்டதை அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

இதன் பலம் அது நம்பிக்கையைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. நம் சபைகளில் துக்க வீட்டுக்குள் கால் வைத்ததும் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லிவிடுகிறோம். வசனம் உண்மை. ஆனால் அதைச் சொன்னவர் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு. ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்; வாயைத் திறந்தபோதுதான் காயப்படுத்தினார்கள். கிரீஃப்ஷேர் பாடங்களில் இந்தப் பக்குவம் தெரிகிறது. அழுவது விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை. லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கோபம், குற்றவுணர்வு, தனிமை, "ஏன் ஆண்டவரே" என்ற கேள்வி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவர இடம் கொடுத்துக்கொண்டே உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பேசுவதால், கேட்பவருக்கு அது வாயடைப்பாகத் தோன்றுவதில்லை.

தனியாகக் குறிப்பிட வேண்டியது துக்கக் கடிதம். இப்போது எப்படி இருக்கிறேன், எது உதவும், எது வேண்டாம் என்று உறவினருக்கும் நண்பருக்கும் எழுதித் தரும் ஒரு பக்கம். "அவரைப் பற்றிப் பேசுங்கள், பேசாமல் தவிர்க்காதீர்கள்", "ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே எழுந்து போனால் பின்னால் வரவேண்டாம்" என்கிற அளவுக்குத் துல்லியமாக எழுதினால்தான் பயன். "ஏதாவது தேவை என்றால் சொல்லுங்கள்" என்பவர்களிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

கெடுவது எங்கே? பெரும்பாலும் குழுவை நடத்துபவரிடம். வீடியோ எல்லா ஊரிலும் ஒன்றுதான்; நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரே அரை மணி நேரம் பேச விட்டுவிடுவது, நடத்துபவர் பிரசங்கம் செய்யத் தொடங்குவது, 90 வயது அப்பாவின் மரணத்தையும் விபத்தில் போன பிள்ளையின் மரணத்தையும் ஒப்பிடும் பேச்சைத் தடுக்காமல் இருப்பது, மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்துவது: இவற்றில் ஒன்று நடந்தாலும் குழு கலைந்துவிடும். சேரும் முன் போனில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேச விரும்பாவிட்டால் சும்மா இருக்கலாமா? பேசியது வெளியே போகாது என்ற விதி உண்டா? பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரிப்பீர்களா? தயங்கினால் வேறு குழு தேடுங்கள்.

இது புராட்டஸ்டன்ட் நற்செய்தி மரபில் வந்தது. மரித்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் கத்தோலிக்கர் அந்த ஜெபத்தை இங்கே காணமாட்டார்கள். பரலோகம் பற்றிய பாடம், விசுவாசியாக இல்லாத ஒருவரை இழந்தவருக்கு மிகவும் கனமானது. அந்த வாரம் வரும் முன்பே நடத்துபவரிடம் தனியாகச் சொல்லிவைப்பது நல்லது.

முதல் சில வாரங்களில் பலருக்கு இரண்டு வரி கூட மனதில் நிற்காது. அப்போது ஏட்டை மூடி வையுங்கள். ஒரு சங்கீதம் போதும், 13 அல்லது 34. பல வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் உடனே அழையுங்கள்: அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இந்தக் கூடுகை சிகிச்சைக்கு மாற்றாகாது.

13 வாரம் முடியாது என்பவர்களுக்கு ஒரே அமர்வில் முடியும் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. ஒன்று கணவன் அல்லது மனைவியை இழந்தவர்களுக்கு. மற்றொன்று பண்டிகைக் காலத்தைத் தாண்டுவதற்கு; நன்றி கூறும் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்பு சபைகள் நடத்துகின்றன. இறந்தவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் என்றால் அக்டோபரிலேயே தேதி கேட்டு வையுங்கள். நட்சத்திரம் கட்டுவதா, கேரல் குழுவை வீட்டுக்குள் விடுவதா, எந்த ஆராதனைக்குப் போவது என்பதையெல்லாம் வீட்டார் கூடிப் பேசி முடிவெடுக்க நாள் இருக்கும்.